டம்ளர் அடியில் ஒரு கோடு

பெரம்பலூர்
4.2.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் இவளும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மாமாவுக்கு ஆலைத் தூசியால் வந்த இருமல் குறைந்ததா? மிளகைத் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடு. பொங்கல் வரிசை கொண்டுவந்த அன்றைக்கே உன்னிடம் பேச நினைத்தேன். நீ அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆவணி வந்தால் அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுச் சாதாரணமாக முடிக்க எனக்கு மனசு வரவில்லை. பாத்திரக் கடை வைரக்கண்ணு என்றால் இந்த ஊரில் சும்மாவா? நாற்பது வருஷம் வாடகைக்குப் பாத்திரம் விட்டவர். கல்யாணமோ கருமாதியோ, நம் அண்டா ஏறாத அடுப்பு இந்தச் சுற்றுவட்டாரத்தில் உண்டா? சாவு விழுந்த வீட்டிலிருந்து ஆள் வருவதற்கு முன்பே பெஞ்சையும் தண்ணீர் டிரம்மையும் ஏற்றிக்கொண்டு தானே போய் நிற்பாரே! அவர் போன அன்றைக்குக் கடைவீதியில் ஒரு ஷட்டர் திறக்கவில்லை. நீயே பார்த்தாய்.

அதனால் ஊரைக் கூட்டிப் படத்திறப்பு வைக்கப்போகிறேன். செப்டம்பர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் பேசியாகிவிட்டது. வருகிறவர்கள் கையில் கொடுக்க நினைவு மலர் ஒன்று அச்சடிக்கிறோம். அதில் முதல் கட்டுரை உன்னுடையதுதான். நீ டீச்சர், உனக்கு எழுத்து வரும். அப்பாவுக்கும் என்னைவிட நீதான் செல்லம். நாலு பக்கம் எழுதி அனுப்பு.

இன்னொரு சின்ன விஷயம். அப்பா இருந்தவரை குடோனில் எது எங்கே போகவேண்டும் என்று அவருக்குத் தெரியும். இப்போது எல்லாம் கலந்து கிடக்கிறது. டம்ளர்களில் ஏதோ அடையாளம் உண்டாமே, சின்ன வயசில் நீதான் வெட்டுவாயாமே. அது என்ன என்று ஒரு வரி எழுதிவிடு.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி
செந்தில்குமார்

---

அரியலூர்
10.3.1996

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. சின்னவனுக்கு அம்மை வார்த்து, போன வாரம்தான் தலைக்குத் தண்ணீர் விட்டோம். மாமாவின் இருமல் அப்படியேதான் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் லாரி பொழுதுக்கும் வாசலோடு போகிற தெருவில் குடியிருந்துகொண்டு கஷாயம் குடித்து என்ன ஆகப்போகிறது? உன் பிள்ளைகளுக்குச் சளி பிடித்திருந்ததே, தேவலையா?

அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். எழுத ஒன்றுமில்லாமல் இல்லை. திரும்பி வந்த அண்டாவில் இருக்கிற நசுங்கலை வைத்தே அந்தக் கல்யாணத்தில் யார் சண்டை போட்டார்கள் என்று சொல்லிவிடுவார், ஞாபகம் இருக்கிறதா? "இது மாப்பிள்ளை வூட்டு நசுங்கல் பாப்பா, தூக்கிப் போட்டிருக்கான்" என்பார். விசாரித்தால் அப்படித்தான் இருக்கும். எனக்குத் தலைப்பிரசவம் ஆனபோது கடையைப் பூட்டிவிட்டு மூன்று நாள் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியிலேயே கிடந்தார். நர்ஸ் விரட்டினால் கேட்டுக்குப் போவார். அவள் உள்ளே போனதும் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார்.

இதுவரை எழுதினேன். அழுகை வந்தது. அதற்குமேல் எழுதப்போனால் அழுகை இல்லாமல் வேறு என்னவோ வருகிறது. அதனால் பேனாவை மூடி வைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் முழுப்பரீட்சை வேலையும் தலைக்குமேல் இருக்கிறது. கட்டுரைக்கு வேறு யாரையாவது பார்.

பிள்ளைகளை வெயிலில் அலைய விடாதே.

அக்கா
செங்கமலம்

---

பெரம்பலூர்
14.4.1996

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷம் உன் வீட்டுக்கு நல்லது கொண்டுவரட்டும். சின்னவனுக்கு அம்மைத் தழும்பு நிற்காமல் இருக்க இளநீர் தடவு. நாங்கள் எல்லோரும் சுகம்.

டம்ளர் அடையாளத்தை எழுத நீ மறந்துவிட்டாய். அதனால் எனக்கு என்ன ஆயிற்று தெரியுமா? போன வாரம் கீழப்பழுவூரில் ஒரு பெரிய கல்யாணம். ஐந்நூறு டம்ளர், எட்டு அண்டா, எல்லாம் நம்முடையது. வண்டியிலிருந்து இறக்கும்போது சமையல்கார முத்துசாமி சும்மா இருக்காமல், "ஏந்தம்பி, உங்கப்பா காலத்துல காலனிக்குன்னு ஒரு செட்டு தனியா இருந்துச்சே, அதுவும் இதுல கலந்துதான் வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டார். பெண்வீட்டார் காதில் விழுந்துவிட்டது. இறக்கினதை அப்படியே திருப்பி ஏற்றச் சொல்லிவிட்டார்கள். அத்தனை பேருக்கு முன்னால் மானம் போனது. அந்தச் செட்டைத் தனியாகக் கழுவிக் கட்டிவைத்த வேலைக்காரி பெரியம்மாளும் மகள் வீட்டோடு போய்விட்டாள். உன்னை விட்டால் அந்த அடையாளம் தெரிந்தவர்கள் இல்லை. உடனே எழுது.

கட்டுரைக்கு நேரமில்லை என்று சொல்லாதே. என்ன எழுதவேண்டும் என்று நானே சொல்கிறேன். எழுபத்திரண்டில் நடந்த காலனி அமாவாசையின் தங்கச்சி கல்யாணத்தை எழுது. காலனி விசேஷத்துக்கு எந்தக் கடைக்காரனும் ஒரு கரண்டிகூடக் கொடுக்காத காலம். அப்பா தானே வண்டி ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு போய் இறக்கினார். இன்றைக்கும் அந்தத் தெருவில் அதைச் சொல்கிறார்கள். சாதி பார்க்காத மனிதர் என்று தலைப்புப் போட்டுவிடலாம்.

தம்பி
செந்தில்குமார்

---

அரியலூர்
21.4.1996

செந்திலு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். அங்கே நலமா என்று கேட்கக்கூட இன்றைக்குக் கை வரவில்லை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முன் பக்கத்தில் காலனி டம்ளரைப் பிரித்தெடுக்க வழி கேட்கிறாய். பின் பக்கத்தில் அப்பா சாதி பார்க்காத மனிதர் என்று எழுதச் சொல்கிறாய். நடுவில் எழுந்து போய்த் தண்ணீராவது குடித்துவிட்டு வந்தாயா, இல்லை ஒரே மூச்சில் எழுதினாயா? எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மாமா சாப்பிடக் கூப்பிட்டார், தட்டில் கை வைக்க முடியவில்லை.

அமாவாசை அண்ணன் தங்கச்சி கல்யாணக் கதையை நீ பிறர் சொல்லிக் கேட்டவன். உனக்கு அப்போது ஐந்து வயசு. நான் கூட இருந்தவள். முழுசாகக் கேட்டுக்கொள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் அப்பா நூறு டம்ளரை என் முன்னால் கொட்டினார். சின்ன உளியையும் சுத்தியலையும் கையில் கொடுத்தார். கடைப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நான்தான், என் கை பிசகாது என்று அவருக்குப் பெருமை. அன்றைக்குப் பெயரோடு இன்னொரு அடையாளமும் போடச் சொன்னார். எதுக்குப்பா என்று கேட்டேன். "காலனிக்குப் போறது பாப்பா. திரும்பி வர்றப்ப மத்ததோட கலந்துடக் கூடாதில்ல" என்றார். சிடுசிடுத்துச் சொல்லவில்லை. சோற்றுக்கு உப்புப் போடு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். நூறு டம்ளருக்கும் வெட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து மெச்சிவிட்டு, கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். நானும் தின்றேன்.

மறுநாள் அவர் வண்டி ஓட்டிப் போனதை ஊர் பார்த்தது. டம்ளர்கள் திரும்பி வந்ததை யார் பார்த்தார்கள்? கொல்லையில் தனித் தொட்டியில் பெரியம்மாள் கழுவினாள். தனிச் சாக்கில் கட்டினாள். அந்தச் சாக்கை உள்ளே வைப்பதற்கு முன்னால் அப்பா மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அப்புறம் எத்தனை வருஷம், எத்தனை விசேஷம். அந்த ஜனங்கள் அந்த டம்ளரில் குடித்துவிட்டு ஐயா மகராசன் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவரும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார். சீ என்று இருக்கிறது.

அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. திட்டிவிட்டுத் தூங்கிவிடுவேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவரும் மஞ்சள் தண்ணீர் தெளித்தவரும் ஒரே ஆள்தானே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அடையாளத்தைச் சொல்லமாட்டேன். கட்டுரையும் கிடையாது.

செங்கமலம்

---

பெரம்பலூர்
9.6.1996

அக்காவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள். பள்ளிக்கூடம் திறந்திருக்கும், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமெல்லாம் வாங்கியாயிற்றா?

உன் கடிதத்தைப் படித்த கையோடு கிழித்து அடுப்பில் போட்டேன். ஏழு வாரம் பதில் எழுதாமல் இருந்தது அதனால்தான். இதையெல்லாம் ஒரு படித்தவள் காகிதத்தில் எழுதுவாளா? வேறு யார் கையிலாவது கிடைத்தால் கடை வாசலில் போலீஸ் வந்து நிற்கும். இனிமேல் எழுதாதே.

அப்பாவை எடை போட நாம் யார் அக்கா? மற்றக் கடைக்காரன் கதவைச் சாத்தினான். அப்பா கொடுத்தார். தனியாக வைத்தாரோ சேர்த்து வைத்தாரோ, கொடுத்தாரா இல்லையா? சேர்த்து வைத்திருந்தால் ஊரில் ஒருத்தன் நம் படி ஏறியிருக்க மாட்டான். கடையை மூடிவிட்டு நாம் தெருவில் நின்றிருப்போம். நீ டீச்சர் டிரெயினிங் படித்ததும் உனக்குப் போட்ட நகையும் அந்தக் கடையிலிருந்து வந்ததுதான். அப்போதெல்லாம் உனக்குக் குமட்டவில்லையே.

போகட்டும், நல்ல சேதி ஒன்று சொல்கிறேன். உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்கிறார்கள். நம் வார்டில் நான் நிற்கவேண்டும் என்று தெருப் பெரியவர்கள் பிரியப்படுகிறார்கள். காலனியும் நம் வார்டில்தான் வருகிறது. அதனால் அப்பா படத்தை அமாவாசை கையால் திறக்க வைக்கலாம் என்று முடிவு பண்ணிவிட்டேன். நேரிலேயே போய் அழைத்துவிட்டும் வந்தேன். உன் மனசில் இருக்கிற குறைக்கெல்லாம் இதைவிடப் பெரிய பதில் என்ன இருக்கிறது?

கட்டுரை ஞாபகம் இருக்கட்டும்.

செந்தில்குமார்

---

பெரம்பலூர்
23.6.1996

டீச்சரம்மாவுக்கு அமாவாசை வணக்கம் சொல்லி எழுதுறது.

நீங்க, சார், புள்ளைங்க எல்லாம் நல்லா இருக்கீங்களா? ரோடு வேலையிலேருந்து நான் ரிட்டையராகி ரெண்டு வருசம் ஆச்சு. முட்டி வலியைத் தவிர வேற குறை இல்லை. எங்க தெருப் பள்ளிக்கூடத்துல நீங்க மூணு வருசம் வேலை பார்த்தப்ப என் மக பாக்யலட்சுமிக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தீங்க. அது இப்போ திருச்சியில நர்சா இருக்கு. டீச்சரைக் கேட்டதா எழுதுப்பான்னு சொல்லுச்சு.

விசயம் என்னன்னா, உங்க தம்பி வூட்டுக்கு வந்தாரு. ஐயா படத்தை நான்தான் திறக்கணும்ங்கிறாரு. மேடையில நாற்காலி, மாலை, மைக்கு, அதுக்கப்புறம் எல்லாரோடயும் சேர்ந்து சாப்பாடுன்னு சொன்னாரு. எங்க தெருவுல பாதிப் பேரு போங்கங்கிறாங்க, பாதிப் பேரு போவாதீங்கங்கிறாங்க. ஐயா எங்க வூட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் பாத்திரம் குடுத்தவரு, போவாம இருக்கிறதும் சரியாப் படலை.

ஆனா எனக்கு ஒரு பயம் இருக்கு. மேல ஏத்தி உக்கார வச்சுட்டு, சாப்பாட்டுல தண்ணியில வேற மாதிரி பண்ணிட்டா, அத்தனை சனத்துக்கு முன்னால அதைத் தாங்கிக்கிட்டு இந்த வயசுல நான் வூட்டுக்கு நடந்து வர முடியாது. என் மக காதுக்குப் போனா அது என்னை விட அதிகமா ஒடைஞ்சு போயிடும்.

நீங்க அந்த வூட்டுப் பொண்ணு. எங்களையும் தெரிஞ்சவங்க. போகலாமா, வேணாமா, ஒரு வார்த்தை எழுதுங்க. நீங்க எழுதுறபடி செய்யிறேன்.

இப்படிக்கு
அமாவாசை

---

அரியலூர்
30.6.1996

செந்திலு,

எல்லோரும் நலமே. மாமாவை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து கூட்டிவந்தேன். இப்போது பரவாயில்லை.

ஒரே ஒரு கேள்வி. அமாவாசை அண்ணன் படத்தைத் திறந்த பிறகு எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்? எந்த டம்ளரில் தண்ணீர் குடிப்பார்? சுற்றி வளைக்காமல் பதில் எழுது.

செங்கமலம்

---

பெரம்பலூர்
28.7.1996

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவுக்கு உடம்பு முடியாமல் போனதை முன்னாடியே ஒரு கார்டு போட்டிருக்கக் கூடாதா? ஓடி வந்திருப்பேனே. அடுத்த வாரம் ஆர்லிக்ஸ் வாங்கிக்கொண்டு வருகிறேன். இங்கே நிற்க நேரமில்லாமல் வேலை நடக்கிறது. படத்துக்கு மூன்றடி உயரத்தில் தேக்கு பிரேம் போட்டாயிற்று. அப்பா முகம் அவ்வளவு களையாக இருக்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். நீ சொல்லாவிட்டால் தெரியாமல் போய்விடுமா? முத்துசாமி குடோனில் உட்கார்ந்து எல்லா டம்ளரையும் கவிழ்த்துப் போட்டு, அடியைத் தடவித் தடவி ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார். நெல்மணி அளவுக்கு ஒரு கோடு! கண்ணில் படவே படாது, விரலுக்குத்தான் தெரிகிறது. உன் கையை மெச்சத்தான் வேண்டும். ஆனால் அப்பா மாதிரி எனக்கு ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருக்கப் பொறுமை கிடையாது. அதனால் அந்தக் கோட்டுக்கு மேலேயே சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு வைக்கச் சொல்லிவிட்டேன். அடியில்தானே, குடிக்கிறவருக்குத் தெரியாது.

மேடையில் அமாவாசைக்கு நானே என் கையால் தண்ணீர் கொடுப்பேன். அதைப் போட்டோ எடுக்க ஆள் சொல்லியிருக்கிறேன். என்ன டம்ளர் என்று போட்டோவிலா தெரியப்போகிறது? சாப்பாட்டை மேடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் இலை போட்டுத் தனியாகக் கவனித்துவிடலாம், பெரியவர் என்கிற மரியாதையும் ஆயிற்று. நம் சொந்தக்காரர்களுக்கும் வருத்தமில்லை, அவருக்கும் சந்தோஷம். அப்பாவும் இப்படித்தானே இரண்டு பக்கமும் நோகாமல் நடந்துகொண்டார்.

பத்தாம் தேதிக்குள் கட்டுரை வராவிட்டால் நான் வேறு ஏற்பாடு பண்ணிக்கொள்வேன். அச்சாபீசில் காத்திருக்கிறார்கள்.

உன் தம்பி
செந்தில்குமார்

---

அரியலூர்
4.8.1996

மதிப்புக்குரிய அமாவாசை அண்ணனுக்கு,

செங்கமலம் வணக்கத்தோடு எழுதுகிறேன். முட்டி வலிக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்க்கிறீர்களா? பாக்யலட்சுமி நர்ஸ் ஆகிவிட்டது என்று படித்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து பல்பத்தைக் கடிக்கிற பிள்ளை. நீங்கள் எழுதி ஆறு வாரம் ஆகிறது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் என் கோழைத்தனம், வேறொன்றுமில்லை.

படத்திறப்புக்குப் போகாதீர்கள் அண்ணே.

நீங்கள் பயந்தது சரி. என் தம்பி உங்களுக்கு மேடையில் தரப்போகிற டம்ளர் தனி டம்ளர். அடியில் சிவப்புப் பொட்டு இருக்கும். அந்தப் பொட்டுக்குக் கீழே ஒரு சின்னக் கோடு இருக்கும். உங்கள் தங்கச்சி கல்யாணத்துக்கு எங்கள் அப்பா ஏற்றிவந்த நூறு டம்ளரிலும் அந்தக் கோடு இருந்தது. உங்கள் தெருவுக்குப் போனது மற்றவர்கள் கைக்குப் போய்விடக்கூடாது என்று போட்டது. அதற்குப் பிறகு உங்கள் தெருவுக்கு வந்ததெல்லாம் அந்த டம்ளர்கள்தான். வேறு யாரோ வெட்டினார்கள் என்று நினைக்கவேண்டாம். வெட்டியது நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயசு. விவரம் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எதுக்குப்பா என்று கேட்டு, அவர் சொன்ன பதிலைக் கேட்டபிறகுதான் உளியை எடுத்தேன்.

உங்கள் தெருவில் வேலை பார்த்த மூன்று வருஷமும் என்னைச் சொந்தப் பிள்ளை மாதிரி வைத்திருந்தீர்கள். கல்யாணம், காதுகுத்து ஒன்றுக்கும் என்னை அழைக்காமல் விட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த டம்ளர்களைப் பார்த்தேன். வாய் திறந்து உங்களிடம் சொல்லவில்லை. இதை நினைத்தால் என் மீதே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

என் தம்பியின் கடிதத்தைத் தொடக்கூட அருவருப்பாக இருக்கிறது. பெற்ற தகப்பனை நினைத்தாலும் அப்படித்தான். என்னை மன்னித்துவிடுங்கள். ஒன்றை மட்டும் நம்புங்கள். நான் அந்த வீட்டில் பிறந்தவள்தான், ஆனால் அந்த அழுக்கு என் மனசில் என்றைக்கும் ஒட்டியதில்லை.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

செங்கமலம்

---

பெரம்பலூர்
5.9.1996

அக்காவுக்கு,

மாமா உடம்பு எப்படி இருக்கிறது? அதைக் காரணம் சொல்லித்தானே பெற்ற அப்பாவின் வருஷத் திதிக்கு வராமல் இருந்துவிட்டாய். சொந்தபந்தம் எல்லாம் மூத்த மகள் எங்கே, மூத்த மகள் எங்கே என்று கேட்டே என்னைக் கொன்றுவிட்டார்கள்.

விழா நன்றாக நடந்தது என்று ஊர் சொல்கிறது. நான் அப்படிச் சொல்லமாட்டேன். அமாவாசை வரவில்லை. இரண்டு தடவை ஆள் அனுப்பினேன், உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். காலனியிலிருந்து ஒரு ஆள் மண்டபத்துப் படி ஏறவில்லை. அவருக்குப் போட்ட நாற்காலியை எடுக்கவும் மனசு வராமல், யாரையும் உட்காரவைக்கவும் முடியாமல், கடைசிவரை மேடையில் அது காலியாகவே கிடந்தது. கடைசியில் முத்துசாமிதான் கரண்டியை வைத்துவிட்டு வந்து, ஈரக் கையோடு படத்தைத் திறந்தார். போட்டோக்காரன் சிரிக்கிறான். நீ ஏதாவது எழுதினாயா? எழுதியிருந்தால் அது உனக்கும் அப்பாவுக்கும் உள்ள கணக்கு, அவர் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

மலரில் உன் பெயரில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. நீ எழுதவில்லை, அதனால் நானே எழுதி உன் பெயரைப் போட்டேன். அமாவாசை தங்கச்சி கல்யாணத்தைப் பற்றித்தான். செங்கமலம் டீச்சர் எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். காலனியில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்து அனுப்பிவிட்டேன். உனக்கும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன்.

செந்தில்குமார்

---

பெரம்பலூர்
15.9.1996

டீச்சரம்மாவுக்கு அமாவாசை எழுதுறது.

சார் உடம்பு தேறி வர்றாரா? எனக்கும் என் வூட்டுக்காரிக்கும் ஒன்னும் குறையில்லை. உங்க லெட்டரு வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. எழுத உக்காருவேன், எந்திரிச்சுப் போயிடுவேன். இன்னிக்கு எழுதிடணும்னு உக்காந்திருக்கேன்.

கோடு போட்ட விசயம் எங்களுக்குத் தெரியும்மா. தங்கச்சி கல்யாணத்தன்னிக்கே தெரியும். அத்தனை டம்ளரையும் வெளக்கிக் கவுத்துறது எங்க வூட்டுப் பொம்பளைங்கதானே, விரல்ல தட்டுப்படாதா? எதுக்குன்னு யாரும் வந்து சொல்லணும்னு இல்லை. ஆனாலும் திருப்பிக் குடுக்கப் போனப்ப ஐயாகிட்ட ஒன்னும் தெரியாத மாதிரி கேட்டேன். "என் மவ வெட்டுனதுப்பா, கை எம்புட்டுச் சுத்தம் பாரு" ன்னு சந்தோசமாச் சொன்னாரு. வேற கடை எங்களுக்கு இல்லை. அடுத்த விசேசத்துக்கும் அவர்கிட்டதான் போனேன்.

அதனால நீங்க வெட்டுனதுல எனக்குக் கோவம் கிடையாது. பன்னெண்டு வயசுப் புள்ளை, அப்பன் சொன்னதைச் செஞ்சுச்சு. உங்க லெட்டர்ல அதோட நிறுத்தியிருந்தீங்கன்னா நானும் நல்லதா நாலு வார்த்தை எழுதிட்டு விட்டிருப்பேன். அழுக்கு ஒட்டலைன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சதுக்கப்புறம் என்னால சும்மா இருக்க முடியலை.

எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்தப்ப உங்களுக்கு இருபத்தி மூணு வயசு. எங்க தெரு விசேசம் ஒன்னு விடாம வந்தீங்க. முன்னால உக்காந்தீங்க. புள்ளைங்களை மடியில வச்சுக்கிட்டீங்க. நாங்க காபி கொண்டாந்து குடுப்போம். மாட்டேன்னு சொல்லாம கையில வாங்குவீங்க. வாங்கினதும் ஒரு விரலால டம்ளரு அடியைத் தடவிப் பார்ப்பீங்க. அப்புறம் "வயிறு சரியில்லைண்ணே" ன்னு சொல்லி, மெதுவாக் கீழ வச்சிடுவீங்க. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ஒருநாள் என் வூட்டுக்காரி பாவம், டீச்சருக்கு நிசமாவே வயித்துல என்னமோன்னு ஓமத்தண்ணி காய்ச்சிக் கொண்டாந்துச்சு. அதையும் அப்படியே வச்சிட்டுப் போயிட்டீங்க. அன்னிக்கு டம்ளரைக் கழுவுறப்ப அந்தக் கோடு விரல்ல பட்டப்பதான் அதுக்குப் புரிஞ்சுச்சு. ரெண்டு நாள் அது சரியாச் சாப்பிடலை.

உங்க பேரு போட்ட கட்டுரையும் வூட்டுக்கு வந்துச்சு. நீங்க எழுதினீங்களோ உங்க தம்பி எழுதினாரோ எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னும் இல்லை.

படத்திறப்புக்கு நான் போகலை. வேற கடை, சொந்த அண்டான்னு எங்க பசங்க காலம் மாறிப்போச்சு, எனக்கு இனிமே அந்த வூட்டுல ஆக வேண்டியது ஒன்னுமில்லை. ஆனா வீடு தேடி வந்து கூப்பிட்டவரு, மூஞ்சியில அடிச்ச மாதிரி மாட்டேன்னு சொல்ல வரலை. என்ன சொல்லி அனுப்புறதுன்னு கொஞ்ச நேரம் யோசிச்சேன். வயிறு சரியில்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன். உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் டீச்சரம்மா.

இப்படிக்கு
அமாவாசை